பாசிப்பச்சைக்கும் காப்பிக்கலருக்கும் நடுவில்

“கண்ணத் தெறந்துறாதீங்கக்கா, ஊத்துன மருந்து வீணாப் போயிரும்” என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த ஆளிடம் போய்விட்டாள். மங்கையர்க்கரசி கண் ஆஸ்பத்திரி பெஞ்சில் சுவரோடு சாய்ந்து கண்ணை இறுக்கிக்கொண்டாள். சொட்டு மருந்து சுரீரென்று எரிந்து, மூக்கின் பின்பக்கமாக இறங்கி, தொண்டையில் வந்து கசந்தது. கசந்தால் கசக்கட்டும், கசப்பு இப்போதெல்லாம் அவளுக்கு வீட்டு ஆள் மாதிரி. தை மாதம் நெஞ்சில் டிபி என்று சொன்ன நாளிலிருந்து தினமும் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை, ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நுனி அளவு, அண்ணாந்து தண்ணீரை ஊற்றி ஒவ்வொன்றாகத் தள்ள வேண்டும், தள்ளியபின் வயிறு புரட்டும், அந்தப் புரட்டலோடுதான் சோறு வடிப்பாள், அந்தப் புரட்டலோடுதான் பஸ் ஏறுவாள். ஆடி பிறந்தால் முடிந்துவிடும் என்று டிபி சென்டர் சுகந்தி சிஸ்டர் சொல்லியிருந்தது. இது வைகாசி. நடுவில் ஆனி ஒன்றுதான். ஒரு மாதத்தைத் தாண்ட முடியாதா ஒரு மனுஷிக்கு, தாண்டிவிடலாம், புரட்டல் என்ன பெரிய புரட்டல், பிள்ளை உண்டாகியிருந்தபோது புரட்டாததா, ஆனால் இந்தக் கண் நடுவில் வந்து இப்படிக் கழுத்தை அறுக்கும் என்று யார் நினைத்தார்கள். பக்கத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். வராண்டாவில் ஒரு குழந்தை வீறிட்டது. இவளை இறக்கிவிட்டு வண்டி நிறுத்த இடம் தேடிப்போன மாயழகு இன்னும் வரவில்லை, குட்டியானை லோடு வண்டியை வைத்துக்கொண்டு அந்த மனுஷன் இந்த மதுரையில் எந்தச் சந்தில் சுற்றுகிறாரோ, கட்டிய பெண்டாட்டியின் கண்ணைவிட அவருக்கு வண்டியின் கண்ணாடி முக்கியம். அப்படியும் இல்லை, ராத்திரியெல்லாம் அவர் தூங்கவில்லை, புரண்டது அவளுக்குத் தெரியும்.

கண்ணை மூடினாலும் அந்தப் புத்தகம் போக மாட்டேன் என்கிறது. மருந்து ஊற்றுவதற்கு முன்னால் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு சின்னப் பெண், படிக்கிற பிள்ளையாக இருக்கும், அதை விரித்துக் காட்டியது. பக்கம் முழுக்கப் புள்ளி, கடுகையும் மிளகையும் கலந்து கொட்டிய மாதிரி. உள்ளே என்ன நம்பர் தெரிகிறது என்று கேட்டது. முதல் பக்கத்தில் பன்னிரண்டு பளிச்சென்று தெரிந்தது, அட இவ்வளவுதானா என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். அடுத்ததில் எட்டா மூன்றா என்று தடுமாறினாள். அதற்கடுத்ததில் வெறும் புள்ளி. அதற்கடுத்ததிலும் புள்ளி. “ஒண்ணுந் தெரியலையே பாப்பா” என்றாள். பாப்பா பக்கத்தைத் திருப்பிக்கொண்டே போனது, திட்டியிருந்தாலாவது தேவலை. கடைசியில் டாக்டர் பார்த்துவிட்டுச் சொல்லுவார்கள் என்றது. என்ன சொல்லுவார்கள்? நெஞ்சா கண்ணா, ரெண்டில் ஒன்றை எடுத்துக்கொள் என்பார்களா? மாத்திரையை விட்டால் நெஞ்சு போகும், விடாவிட்டால் கண் போகும். கண் என்றால் பார்வைகூட இல்லை, பஸ் போர்டு கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் படித்துவிடுகிறாள், ஊசியில் நூல் கோத்துவிடுகிறாள், போனது கலர் மட்டும்தான். கலர் மட்டும்தான் என்று வேறு யாராவது சொல்லியிருந்தால் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்திருக்கும். கலரில்தானே அவள் சோறு தின்கிறாள். இன்றைக்கான மாத்திரை இன்னும் மடியிலிருக்கும் பையில்தான் கிடக்கிறது, கண் டாக்டரைப் பார்த்துவிட்டு நேராக சென்டருக்கு வாருங்கள், அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று சுகந்தி சிஸ்டர்தான் நிறுத்தி வைத்திருக்கிறது. தையிலிருந்து ஒரு நாளும் இவ்வளவு நேரம் மாத்திரை போடாமல் இருந்ததில்லை. வயிறு புரட்டாமல் இருப்பதே பயமாக இருந்தது.

விளக்குத்தூண் பக்கத்துச் சந்தில் லியாகத் பாயின் மேட்சிங் சென்டர். சேலையைக் கொண்டுவந்து மேசையில் போட்டால் அதற்கு ஜாக்கெட் துணி, லைனிங், உள்பாவாடை, ஃபால்ஸ் எல்லாம் நிறம் பார்த்து எடுத்துக் கொடுக்கிற கடை. கல்யாணமான புதிதில் சேர்ந்தவள், இப்போது மகளுக்குக் கல்யாண வயசு. ஆள் உயரத்துக்கு ரேக், ரேக் முழுக்கத் துணிக்கட்டு. பச்சை என்றால் ஒரு பச்சையா? கிளிப்பச்சை, இலைப்பச்சை, ராமர் பச்சை, பாட்டில் பச்சை, பாசிப்பச்சை, ஒவ்வொன்றிலும் ஒரு மாற்று கூட, ஒரு மாற்றுக் குறைச்சல் என்று வரிசை போய்க்கொண்டே இருக்கும். அரக்கு வேறு, மாதுளை வேறு, மிளகாய்ப்பழம் வேறு. டியூப்லைட் பொய் சொல்லும் என்பதால் சந்தேகமான துணியை வாசலுக்குத் தூக்கிப்போய் வெயிலில் வைத்துப் பார்ப்பது கடை வழக்கம், எல்லாரும் போவார்கள், மங்கை மட்டும் போக மாட்டாள். “மங்கை எடுத்தா எடுத்ததுதாம்மா, நம்பி வாங்கிட்டுப் போங்க” என்று பாயே கல்லாவிலிருந்து குரல் கொடுப்பார், அதைக் கேட்பதற்காகவே அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்தத் திமிர்தான் இப்போது காலை வாரிவிட்டது. கண் மங்கிக்கொண்டு வந்தது அவளுக்கே தெரியாமல் போனதற்குக் காரணம் அவளுடைய கைதான். அரக்கு என்று காதில் விழுந்தால் கை தானாக இடதுபக்கத் தட்டுக்குப் போகும், வெங்காயத்தோல் என்றால் மேல்தட்டு ஓரம், பாசிப்பச்சை என்றால் தூணை ஒட்டி. துணிக்கட்டை உருவி, விரித்து, வெட்டிக் கொடுத்துவிட்டு நிமிர்கிறவரை கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. இத்தனை வருஷப் பழக்கம், பழக்கம் நல்லது என்றுதானே எல்லாரும் சொல்கிறார்கள், இந்தப் பழக்கம் அவளைத் திருடன் வந்தது தெரியாமல் தூங்க வைத்துவிட்டது. கூட வேலை பார்க்கிற ரெஜினா மாதிரி அரைகுறையாக இருந்திருந்தால் முதல் வாரமே பிடித்திருக்கலாம்.

கண் சொல்லாமல் இல்லை, அவள்தான் காது கொடுக்கவில்லை. குங்குமம் பழுப்படித்துத் தெரிந்தபோது கடைக்காரன் செங்கல் பொடியைக் கலக்கிறான் என்று கடையை மாற்றினாள். தக்காளிக்காரியிடம் காயைக் கொண்டுவந்து பழம் என்கிறாயா என்று சண்டைக்குப் போனாள், அவள் ஏற இறங்கப் பார்த்ததற்கு இப்போதல்லவா அர்த்தம் புரிகிறது, பாவம் அவள். எல்லாவற்றிலும் பெரிய கூத்து கக்கூசில். மாத்திரை ஆரம்பித்தபோது ஒன்றுக்குப் போனால் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயந்துவிடாதீர்கள் என்று சுகந்தி சிஸ்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தது, ஆனாலும் முதல் நாள் பயந்துதான் போனாள். ரெண்டு நாளில் தொழில் புத்தி வந்துவிட்டது, ஆரஞ்சு இல்லையே, மாம்பழ மஞ்சளுக்கும் செங்காவிக்கும் நடுவில் ஒன்று, இதற்கு மேட்சிங் கேட்டால் எந்தத் தட்டு என்று யோசித்தாள். பங்குனி கடைசியில் அந்த நிறம் வெளிறியது. உடம்பு மாத்திரைக்குப் பழகிவிட்டது, நோய் இறங்குகிறது என்று சந்தோஷப்பட்டு அன்றைக்கு மாரியம்மன் கோயிலில் ஒரு தேங்காய்கூட உடைத்தாள். வெளிறியது அது இல்லை, அவள் கண். தேங்காய் உடைத்தது எதற்கு என்று நினைத்தால் மாரியம்மனிடமே வெட்கமாக இருக்கிறது. கண்ணில் ஏதாவது வித்தியாசம் தெரிந்தால் அன்றைக்கே வந்து சொல்ல வேண்டும், எத்தனை தடவை சொல்லியிருக்கிறது அந்தப் பெண், தலையை ஆட்டினாளே ஒழிய, கண் என்றால் இருட்டிக்கொண்டு வரும், சுற்றும், நீர் வடியும் என்றல்லவா நினைத்திருந்தாள், தக்காளி காயாகத் தெரியும் என்று யார் சொன்னார்கள்.

தெரிந்த பிறகும் சொன்னாளா? இல்லையே. சித்திரை முகூர்த்தக் கூட்டத்தில்தான் அவளுக்கே உறைத்தது. அதற்குப் பிறகு ஒரு தந்திரம் பழகிக்கொண்டாள். சேலையைப் போட்டதும் “என்ன கலர்ல பாக்குறீங்கம்மா, நீங்களே ஒங்க வாயால சொல்லுங்க, அப்பத்தான் எனக்குத் திருப்தி” என்பாள், வந்தவர்கள் மரியாதை என்று நினைத்துக்கொண்டு வாயால் சொல்வார்கள், கை அந்தத் தட்டுக்குப் போய்விடும். போன வாரம் வந்தவள் ஒன்றும் சொல்லாமல் சேலையை வீசிவிட்டு, இதுக்கு மேட்ச் என்று மட்டும் சொல்லிப் போனைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். மங்கை சேலையைப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். வாசலுக்குப் போயிருக்கலாம், காலே நகரவில்லை, பாய் பார்த்துக்கொண்டிருந்தார். காப்பிக்கலர் என்று முடிவு கட்டி ஒரு மீட்டர் வெட்டிவிட்டாள். “என்னக்கா வெளையாடுறீங்களா? பாசிப்பச்ச சீலைக்குக் காப்பிக்கலரக் கிழிச்சு வச்சிருக்கீங்க!” என்று அவள் கத்தினாள், கடையே திரும்பியது. ரெஜினா ஓடிவந்து, அது வேற பார்ட்டிக்கு வெட்டுனதும்மா, ஒங்களுது இந்தா என்று சமாளித்தாள். பாயிடம் வயிற்றில் அல்சர் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறாள், டிபி என்றால் நாலு பேர் வந்துபோகிற கடையில் வைத்துக்கொள்வாரா. கொஞ்ச நாள் மாத்திரை உள்ளே போனாலே அடுத்தவர்களுக்கு ஒட்டாது என்று சுகந்தி சிஸ்டர் அடித்துச் சொல்லுகிறது, அது சுகந்தி சிஸ்டருக்குத் தெரியும், ஊருக்குத் தெரியுமா?

மறுநாள் காலை மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு பாத்திரம் கழுவுகிற அங்கணத்துக்கிட்டே நின்றாள். தண்ணீர் போகிற ஓட்டை. விரலை விரித்தால் போதும், யாருக்கும் தெரியாது, மாயழகு பல் விளக்கிக்கொண்டிருந்தார். இருமல் குறைந்துவிட்டது, காய்ச்சல் இல்லை, எடைகூட ஏறியிருக்கிறது, இன்னும் என்னத்துக்கு இந்த விஷம், இதை விட்டால் கண் திரும்பிவிடும், கண் திரும்பினால் கடை திரும்பிவிடும். விரல் விரியப் போனது. அப்போது எதிர்வீட்டுச் செல்வராணியின் வீட்டுக்காரர் ஞாபகத்துக்கு வந்தார், அவரும் இப்படித்தான், தெம்பு வந்துவிட்டது என்று பாதியில் விட்டார், மறுபடி வந்தபோது பழைய மாத்திரை எதற்கும் அது மசியவில்லை, இப்போது புதுசாக என்னென்னவோ கொடுத்து மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு கிடக்கிறார். மங்கை மாத்திரையை வாயில் போட்டு விழுங்கினாள். விழுங்கிவிட்டு அங்கணத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள். விழுங்கினாலும் பயம், விழுங்காவிட்டாலும் பயம், இப்படி ஒரு பொழைப்பு உண்டா. அதற்கப்புறமும் ரெண்டு நாள் யோசித்து, நேற்றுத்தான் சென்டருக்குப் போய்ச் சொன்னாள். சுகந்தி சிஸ்டர் தலையில் அடித்துக்கொண்டது. “அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல, இதுக்குத்தானக்கா கிளிப்பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொன்னேன்!” திட்டிக்கொண்டே யார் யாருக்கோ போன் பண்ணி இன்றைக்கு இங்கே வர ஏற்பாடு பண்ணியது. அந்தத் திட்டு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஜன்னல் பக்கம் வெயில் திரும்பியிருக்க வேண்டும், இமைமேல் சூடு பட்டது. இமைக்குப் பின்னால் ஒரு வெளிச்சம் வந்து நின்றது. அது சிவப்பா? சின்ன வயதில் கண்ணை மூடிக்கொண்டு வெயிலைப் பார்த்தால் செக்கச்செவேல் என்று இருக்குமே, அந்தச் சிவப்புத்தானா இது, இல்லை சிவப்பு என்று அவளாக நினைத்துக்கொள்கிறாளா? பார்க்கிறதா நினைக்கிறதா என்று பிரிக்க முடியவில்லை. சரி, நினைத்துத்தான் பார்ப்போமே என்று அரக்கை நினைத்தாள். வந்தது. மாதுளையை நினைத்தாள், அரக்குக்குப் பக்கத்தில், கொஞ்சம் துள்ளலாக வந்து நின்றது. மிளகாய்ப்பழம் வந்தது. பாசிப்பச்சை வந்தது, காப்பிக்கலர் வந்தது, ரெண்டும் ஒட்டாமல் தனித்தனியாக, இவனும் அவனும் ஒன்றா என்று கேட்கிற மாதிரி. உள்ளே எல்லாம் அப்படியே இருக்கிறது. ஒரு கட்டுக்கூடக் கலையவில்லை. வழியில்தான் எங்கோ அடைப்பு. அடைப்பு என்றால் எடுக்கலாம்தானே, எடுக்க முடியாத அடைப்பும் உண்டு, ஆனால் உள்ளே இருக்கிறது, இருக்கிறது, அது பெரிசில்லையா. “ஏம்மா, ஒனக்கும் புரையா?” என்று பக்கத்திலிருந்து ஒரு கிழட்டுக் குரல் கேட்டது, மேலூர்ப் பக்கத்துப் பேச்சு. ஆளைப் பார்க்க முடியாது, அவரும் கண்ணை மூடிக்கொண்டுதான் இருப்பார். “இல்லங்கய்யா, சும்மா பவரு பாக்க வந்தேன்.” பொய் எண்ணெய் தடவிய மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. “பவருக்கா இம்புட்டு நேரம் போட்டுக் காய விடுறாய்ங்க?” என்றார் அவர்.

“டிபி மாத்திர சாப்பிடுற அம்மா யாரு? உள்ள வாங்க!” வாசலில் நின்று ஒருத்தி கூப்பிட்டாள், மெதுவாகக் கூப்பிடத் தெரியாத குரல். வராண்டா முழுக்கக் கேட்டிருக்கும். நான் இல்லை என்பது போல உட்கார்ந்திருக்கலாம், கொஞ்சம் கழித்து உள்ளே போய்க் காதோடு சொல்லிக்கொள்ளலாம். அல்சர், பவரு, வேற பார்ட்டிக்கு வெட்டியது, இன்னும் எத்தனை? கையைத் தூக்கினாள். “நான்தான்.” கண்ணைத் திறந்தால் எல்லாம் பால் ஊற்றிய மாதிரி வெள்ளையாக இருந்தது. எழுந்தவளிடம் கிழவர், “ஏம்மா, பவருன்ன?” என்றார். “பொய் சொன்னேங்கய்யா.” டிபி என்றதும் நகர்ந்து உட்காருவார் என்று எதிர்பார்த்தாள். “சரி, போறப்ப பையக் குடுத்துட்டுப் போ, நான் பாத்துக்கிறேன்” என்று கையை நீட்டினார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்து, “எங்குட்டுப் பாக்க, மடியில வச்சுக்கிறேன்” என்றார். மங்கை மாத்திரை இருந்த பையை அவர் மடியில் வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

டாக்டரம்மா சின்ன வயசுதான். மோவாயை ஒரு தட்டில் வைக்கச் சொல்லி, ரெண்டு கண்ணுக்குள்ளும் விளக்கை விட்டு வெகு நேரம் பார்த்தார். அந்த நேரம் முழுக்க மங்கை ஒரே வார்த்தையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள், நெஞ்சா கண்ணா நெஞ்சா கண்ணா. விளக்கு அணைந்தது. “மாத்திரைய நீங்களா நிப்பாட்டுனீங்களா?” “இல்ல டாக்டர். நெனச்சேன். ஆனா நிப்பாட்டல.” “நல்ல வேளை. சொல்லாம இருந்த ஒரு தப்போட விட்டீங்க” என்றார். “இங்க பாருங்கம்மா, நீங்க முழுங்குற மாத்திரைக்குள்ள மூணு மருந்து சேந்து இருக்கு. அதுல ஒண்ணுதான் கண்ணுல கை வைக்குது. அத மட்டும் எடுத்துட்டு மத்தத தனியாக் குடுப்பாங்க, ஒங்க டிபி டாக்டர்கிட்ட இப்பத்தான் பேசினேன். நெஞ்சுக்கு மருந்து நிக்காது.” மங்கைக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ரெண்டில் ஒன்று என்று யாருமே கேட்கவில்லை, அவளேதான் அவளைக் கேட்டு, அவளேதான் இத்தனை நாள் பதில் தெரியாமல் தவித்திருக்கிறாள். “அப்ப கலரு?” “உள்ள நரம்பு பாக்க நல்லாத்தான் இருக்கு. பெரும்பாலும் திரும்பி வரும். உடனே வராது, சில மாசம் ஆகும். மாசாமாசம் வந்து காமிங்க.” “முழுசா வந்துருமா டாக்டர்?” டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். “முழுசான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். நரம்பு கெடுறதுக்குள்ள வந்துட்டீங்க, நம்பிக்கையா இருக்கலாம், அத மட்டும் சத்தியமாச் சொல்றேன்.” அது போதும் என்று மங்கை சொன்னாள், உண்மையிலேயே போதும் என்று இருந்தது. நாளைக்குப் பாயிடம் சொல்லிவிட வேண்டும், டிபியையும் சேர்த்துத்தான். கண் வருகிறவரை தட்டை இவள் சொல்ல, துணியை ரெஜினா வாசலுக்குத் தூக்கிப்போய் வெயிலில் பார்க்கட்டும். வேண்டாம் என்று பாய் சொன்னால், சொல்லட்டும், அப்போது பார்த்துக்கொள்வோம்.

கிழவரிடம் பையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் வெயில் கண்ணுக்குள் குத்தியது. மருந்தில் விரிந்த கண்பாப்பாவுக்கு வாசலும் தெருவும் ஒரே பளபளப்பு. எங்கிருந்தோ மாயழகு வந்து மணிக்கட்டைப் பிடித்தார், தெருவில் அவள் கையை அவர் பிடித்ததே கிடையாது. “என்னவாம்?” என்றார். அவள் சொன்னாள். ஒரு மருந்தை மட்டும் எடுத்துவிடுவார்கள், மற்றது ஆடி வரைக்கும், கலர் மெள்ள மெள்ள வரும். அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார், வேர்வையைத் துடைக்கிறாராம். எதிரே கடை வாசலில் பிளாஸ்டிக் குடம் கொத்தாகத் தொங்கியது, மங்கலாகக் குண்டு குண்டாகத் தெரிந்தது. “ஏங்க, அந்தக் கொடம் என்ன கலரு?” “எது, அதா? பச்ச.” “என்ன பச்ச?” “பச்சன்னா பச்சதான்.” “அதுதாங்க, எந்தப் பச்ச?” மாயழகு குடத்தை உற்றுப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி குடத்தைப் பார்த்தார், மனுஷன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பச்சையைப் பற்றி யோசித்தார். “நல்ல பச்ச” என்றார். மங்கைக்குச் சிரிப்பு பீறிட்டது. நல்ல பச்சையாம், இருபது வருஷம் மேட்சிங் சென்டர்க்காரியோடு குடும்பம் நடத்தியவர் சொல்கிற பச்சை. அடக்கப் பார்த்தாள், அடங்கவில்லை, தெருவென்றும் பார்க்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நோய் வந்த நாளாக அவள் சிரித்தால் அது இருமலில்தான் போய் முடியும், மூச்சு முட்டி முகம் கறுத்துப் போகும், அதற்குப் பயந்து சிரிக்கிறதையே விட்டிருந்தாள். மாயழகு பதறிப்போய்ப் பழக்கதோஷத்தில் அவள் முதுகில் கையை வைத்தார், தடவிக்கொடுக்க. அவள் சிரித்து முடித்தாள். நீளமாக ஒரு மூச்சு இழுத்தாள், அது அடிவரைக்கும் போனது. மாயழகின் கை முதுகிலேயே காத்துக்கொண்டிருந்தது. இருமல் வரவில்லை.